டீசல் லாரிக்கு இழுவை கூட்ட: இருக்கிற இன்ஜினைக் கட்டுவதா, வேறு இன்ஜின் ஏற்றுவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்டியில் இழுவை போதவில்லை. இன்ஜினை இறக்கிக் கட்டினால், அதாவது பிரித்துத் தேய்ந்த பாகங்களை மாற்றித் திரும்பப் பூட்டினால், பவர் கூடுமா?

தேய்ந்துபோன இன்ஜினைக் கட்டினால், அது புதிதாக வந்தபோது கொடுத்த பவர் திரும்பக் கிடைக்கும். அதற்கு மேல் கிடைக்காது. ரிங், லைனர் (சிலிண்டருக்குள் செருகும் உறை), பேரிங், வால்வு எல்லாம் புதிதாகப் போட்டாலும், 130 ஹெச்.பி. இன்ஜின் 130 ஹெச்.பி. இன்ஜின்தான். இது தெரியாமல் கையிருப்பை எல்லாம் கொட்டிக் கட்டிவிட்டு, அதே மேட்டில் அதே கியரில் அதே வேகத்தில் ஏறும்போது நொந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் முன்னால் இதை வைத்ததற்கு அதுதான் காரணம்.

டீசல் இன்ஜினில் பவர் இரண்டு விஷயத்தால் வருகிறது: உள்ளே போகும் டீசல், அதை எரிக்கும் காற்று. ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.5 கிலோ காற்று வேண்டும் என்பது ஏட்டுக் கணக்கு. சிலிண்டருக்குள் டீசலும் காற்றும் அவ்வளவு சீராகக் கலப்பதில்லை என்பதால், புகையில்லாமல் எரிய அதைவிடக் கணிசமாகக் கூடுதல் காற்று தேவை. ஆக, பவரைக் கொடுப்பவை டீசலை அனுப்பும் பம்ப், அதைப் பீச்சும் இன்ஜெக்டர், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ, அந்தக் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர். பிளாக், கிராங்க், கனெக்டிங் ராடு, பிஸ்டன், ஹெட் எல்லாம் அந்தப் பவரைத் தாங்குபவை. இன்ஜின் கட்டும் வேலை பெரும்பாலும் தாங்கும் பகுதியைத்தான் சரிசெய்கிறது.

கம்மின்ஸ் 5.9 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின் இதற்கு நல்ல சாட்சி. 1989-இல் டாட்ஜ் பிக்அப்பில் வந்தபோது அதன் பவர் 160 ஹெச்.பி. அதே 102 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), அதே 120 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) உள்ள இன்ஜின் 2004 வாக்கில் 325 ஹெச்.பி. கொடுத்தது. இடையில் இன்டர்கூலர் வந்தது, பம்ப் மாறியது, சிலிண்டருக்கு 4 வால்வு வந்தது, 2003-இல் காமன் ரெயில் (உயர் அழுத்த டீசலை ஒரே பொதுக் குழாயில் வைத்து மின்னணு மூலம் பீச்சும் அமைப்பு) வந்தது. கொள்ளளவு ஒரு சொட்டுகூடக் கூடவில்லை. மாறியதெல்லாம் காற்றும் டீசலும் போகும் வழியும், அதைத் தாங்க உள்ளே செய்த பலப்படுத்தல்களும்தான்.

போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் பவர் கூடும் என்கிறார்களே?

102 மி.மீ. போரை அரை மில்லிமீட்டர் பெரிதாக்கினால் கொள்ளளவு சுமார் 1 சதவீதம் கூடும். ஓட்டுபவருக்கு அது தெரியவே தெரியாது. ஓவர்சைஸ் அடிப்பது தேய்ந்த சுவரைத் திருத்துவதற்கு மட்டுமே.

இழுவை குறைந்தது தேய்மானத்தால்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்விக்கு நேரம் ஒதுக்குபவர் பெரிய செலவையே தவிர்க்கலாம். இன்ஜினைத் தொடுமுன் வெளியே உள்ளவற்றைப் பாருங்கள். ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், டேங்கிலிருந்து வரும் குழாயில் காற்று இழுப்பு, ஃபீட் பம்பின் அழுத்தம். ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தால் பம்ப் லீவர் கடைசி வரை போகிறதா என்று இன்னொருவரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கேபிள் நீண்டுபோய் முக்கால் தூரமே போகும் வண்டிகள் ஏராளம். எக்ஸாஸ்ட் பிரேக்கில் புகைக் குழாயை அடைக்கும் பட்டர்ஃப்ளை தகடு பாதி மூடியபடி சிக்கியிருக்கலாம். பிரேக் பிடித்துக்கொண்டு இருக்கலாம். கிளட்ச் நழுவலாம்.

ஒருமுறை வேறு இன்ஜின் ஏற்றுவது என்று முடிவெடுத்து, மாற்று இன்ஜினுக்கு முன்பணமும் கொடுத்துவிட்ட ஒருவரின் வண்டியைப் பார்த்தேன். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில் ஒரு கிழிசல். நின்றபடி ரேஸ் கொடுத்தால் ஒன்றும் தெரியாது. லோடில் பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏறும்போது மட்டும் வாய் திறக்கும். காற்று வெளியே, டீசல் உள்ளே, கரும்புகை பின்னால். ஹோஸ் மாற்றியதோடு வேலை முடிந்தது. அன்றிலிருந்து, பூஸ்ட் கேஜ் ஒன்றை மாட்டி லோடோடு ஓட்டிப் பார்க்காமல் யாருக்கும் இன்ஜின் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை.

வெளியே எல்லாம் சரி என்றால் உள்ளே பார்க்கலாம். இன்ஜின் சூடானபின் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன்மேலேயே தளர்வாக வையுங்கள். லேசாக ஆடுவது சகஜம். பேக் கம்ப்ரஷன், அதாவது ரிங்கைத் தாண்டிக் கீழே கசியும் வாயு, மூடியைத் தூக்கி எறிந்தால் ரிங் அல்லது லைனர் போயிருக்கிறது. பிறகு ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷன் அழுத்தத்தையும் அளந்து பார்க்க வேண்டும். இதில் மொத்த அளவைவிட, சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம்தான் அதிகம் பேசும். எல்லாம் ஒரே மாதிரிக் குறைந்திருந்தால் பொதுத் தேய்மானம். ஒன்று மட்டும் விழுந்திருந்தால் அந்தச் சிலிண்டரின் வால்வோ ரிங்கோ பிஸ்டனோ.

பழைய ஆயிலைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவது நம்மில் பலர் செய்யாத, ஆனால் செய்ய வேண்டிய காரியம். இரும்பு கூடியிருந்தால் லைனர், ரிங், கேம் பக்கம் தேய்மானம். காரீயமும் செம்பும் கூடினால் பேரிங். சிலிக்கான் கூடினால் ஏர் ஃபில்டரைத் தாண்டித் தூசி போகிறது. சோடியம், பொட்டாசியம் வந்தால் கூலன்ட் ஆயிலில் கலக்கிறது. இறக்காமலேயே இன்ஜினின் உள்ளே எட்டிப் பார்க்கும் வழி இது.

எனக்கு உண்மையில் எவ்வளவு ஹெச்.பி. தேவை?

‘கொஞ்சம் கூடுதலா’ என்று சொல்பவருக்கு யாராலும் சரியான ஆலோசனை சொல்ல முடியாது. கணக்குப் போடுவது கடினமில்லை. லோடோடு சேர்த்து 10 டன் வண்டி, 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் மேட்டில் ஏறுகிறது என்று வையுங்கள். எடை பின்னுக்கு இழுக்கும் விசை ஏறக்குறைய 5,900 நியூட்டன். டயர் உருளும் தடை சுமார் 800. 40 கி.மீ. வேகத்தில் காற்றுத் தடை ஒரு 300. இந்த 7,000 நியூட்டனை அந்த வேகத்தில் தள்ள, சக்கரத்தில் 78 கிலோவாட் வேண்டும். கியர்பாக்ஸ், பின் ஆக்சில் ஹவுசிங் எல்லாம் தின்பதையும் சேர்த்தால் இன்ஜினில் சுமார் 90 கிலோவாட், அதாவது 120 ஹெச்.பி.

அதே மேட்டை 60-இல் ஏற வேண்டும் என்றால்? கிட்டத்தட்ட 190 ஹெச்.பி. 20 கி.மீ. வேகம் கூட 70 ஹெச்.பி. கேட்கிறது. இந்தக் கணக்கை உங்கள் எடைக்கும் உங்கள் மேட்டுக்கும் போட்டுப் பாருங்கள். 120-லிருந்து 150 போதும் என்று வந்தால், பெரும்பாலும் இருக்கிற இன்ஜினே கொடுத்துவிடும். 120-லிருந்து 250 என்று வந்தால் பேச்சே வேறு.

மலைப் பகுதியில் ஓட்டுபவர்கள் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய 1 சதவீதப் பவரை இழக்கும். 2,000 மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்.

இன்ஜினைத் தொடாமல் இழுவையைக் கூட்ட வழி இல்லையா?

கிரவுன் பினியன் (பின் ஆக்சிலில் சக்கரத்தைச் சுற்றும் கடைசிப் பல்சக்கர ஜோடி) விகிதத்தை மாற்றலாம். 4.10 இருந்த இடத்தில் 4.88 போட்டால் ஒவ்வொரு கியரிலும் சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை 19 சதவீதம் கூடும். சமவெளியில் உச்ச வேகம் சுமார் 16 சதவீதம் குறையும், டீசலும் கொஞ்சம் கூடுதலாகப் போகும். பெரும்பாலும் மேட்டிலும் மண் பாதையிலும் மெதுவாக ஓடும் வண்டிக்கு இதுவே போதுமானதாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். தேவைக்குப் பெரிய டயர் போட்டதாலேயே இழுவை போன வண்டிகளும் உண்டு.

இருக்கிற இன்ஜினிலேயே பவர் கூட்டினால் எது வரை போகலாம்?

பம்பைத் திருகி டீசலைக் கூட்டுவது எளிது, அதனாலேயே ஆபத்து. காற்று கூடாமல் டீசல் மட்டும் கூடினால் கரும்புகையும் சூடும்தான் மிச்சம். டர்போவுக்கு முன்னால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஒரு வெப்பமானியை மாட்டுங்கள். அலுமினிய பிஸ்டன் உள்ள இன்ஜினில் தொடர்ந்து 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக்கூடாது என்பது இந்தத் தொழிலில் பரவலாக வைத்திருக்கும் எல்லை. சில நொடி தாண்டுவது வேறு. நீண்ட மேடு முழுவதும் தாண்டி நிற்பது பிஸ்டன் தலையை உருக்கும்.

முதலில் காற்றைக் கூட்டுங்கள், பிறகு டீசல். டர்போ இருந்து இன்டர்கூலர் இல்லாத வண்டி என்றால் அங்கேதான் தொடங்க வேண்டும். 1 பார் பூஸ்டில் டர்போவை விட்டு வரும் காற்று 120 டிகிரி வரை சூடாக இருக்கும். அதை 60 டிகிரிக்குக் குளிரவைத்தால் அதே இடத்தில் 15 சதவீதத்துக்கு மேல் கூடுதல் காற்று அடங்கும், எக்ஸாஸ்ட் சூடும் இறங்கும். பவர் கூடுகிறபோதே உயிரும் நீள்கிற வேலை இது ஒன்றுதான்.

டைமிங்கை, அதாவது டீசல் பீச்சும் நேரத்தை, முன்னுக்குத் தள்ளுவதை விளையாட்டாக எடுக்காதீர்கள். எக்ஸாஸ்ட் சூடு குறைவதைக் கண்டு மகிழ்வோம். சிலிண்டருக்குள் உச்ச அழுத்தம் ஏறுவது கண்ணில் படாது. ஹெட் கேஸ்கெட்தான் முதலில் சொல்லும்.

டர்போவே இல்லாத இன்ஜினுக்கு டர்போ போடலாமா?

நல்ல நிலையில் உள்ள இன்ஜினுக்கு, மிதமான பூஸ்டோடு, போடலாம். ஆனால் தொழிற்சாலையில் டர்போவோடு வரும் இன்ஜினில் பிஸ்டனுக்குக் கீழிருந்து ஆயில் பீச்சும் ஜெட் இருக்கும், பிஸ்டன் வேறாக இருக்கும், ஆயில் கூலர் பெரிதாக இருக்கும். இவை இல்லாத இன்ஜினில் பூஸ்டை ஏற்றிக்கொண்டே போனால் நிற்காது. முன்னறையில் எரியும் பழைய இன்ஜின்களில் கம்ப்ரஷன் விகிதம் 21-க்கும் மேல் இருக்கும். அவற்றின் எல்லை இன்னும் சீக்கிரம் வந்துவிடும். ஜி.எம். நிறுவனத்தின் 6.2, 6.5 லிட்டர் டீசல்களில் மெயின் பேரிங் பகுதியில் பிளாக் விரிசல் விடுவது பலரும் அறிந்த பலவீனம். அப்படிப்பட்ட பிளாக்கில் பெரும் பவரைத் தேடுவதைவிட இன்ஜினை மாற்றுவதே நேர்மையான வழி.

எப்போது கட்டுவது சரி?

தேவைப்படும் பவரை உங்கள் இன்ஜின் மாடலே வேறொரு வண்டியில், வேறொரு ரேட்டிங்கில் (கம்பெனி நிர்ணயித்த பவர் அளவில்) கொடுத்துக்கொண்டிருக்கிறது என்றால் தயங்காமல் கட்டுங்கள். ஒரே பிளாக்கை லாரிக்கு ஒரு பவரிலும், படகுக்கு இன்னொரு பவரிலும், ஜெனரேட்டருக்கு மற்றொன்றிலும் கம்பெனியே விற்பது வழக்கம். உயர்ந்த ரேட்டிங்கில் எந்த பிஸ்டன், எந்த இன்ஜெக்டர், எந்த டர்போ போட்டிருக்கிறார்கள் என்று பார்ட் நம்பர் வைத்துப் பார்த்து, அதையே உங்கள் இன்ஜினில் போட்டுக் கட்டுவதுதான் நான் அறிந்ததிலேயே பத்திரமான வழி. யோசித்து, சோதித்து, தாங்கும் என்று பொறியாளர்கள் முடிவு செய்த கூட்டு அது. மவுண்டிங், பெல் ஹவுசிங் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் உறை), பைப், ஒயரிங் எதுவும் மாறாது. தெரிந்த இன்ஜின், தெரிந்த ஸ்பேர்.

பிளாக் நல்லதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கிராங்க் கடைசி அண்டர்சைஸைத் தொட்டுவிட்டதா, போர் கடைசி ஓவர்சைஸா, அதாவது இனிக் கடைந்து திருத்த இடமில்லையா என்று அளந்த பிறகே வாக்குக் கொடுங்கள்.

சேஸிஸில் வைத்தபடியே கட்டினால் போதாதா?

நீர் சூழ்ந்த வெட் லைனர் உள்ள பெரிய லாரி இன்ஜின்களில், இறக்காமலேயே சம்ப்பை (அடியில் உள்ள ஆயில் தொட்டியை) கழற்றி, ஹெட்டைத் தூக்கி, லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் மாற்றிவிடலாம். தேய்மானத்துக்கு மட்டும் என்றால் அது போதும். லைனர் உட்காரும் விளிம்பின் உயரத்தை மட்டும் அளக்காமல் விடாதீர்கள்; அது சரியில்லை என்றால் புதிய ஹெட் கேஸ்கெட்டும் நிற்காது. வெளியே எடுத்த லைனரின் தண்ணீர்ப் பக்கத்தில் ஊசிக் குத்தல் போலக் குழிகள் இருந்தால், கூலன்டில் தேவையான சேர்மானம் இல்லாமல் ஓட்டியிருக்கிறார்கள் என்று பொருள். வெறும் தண்ணீர் ஊற்றிய பாவம் லைனரில்தான் எழுதப்பட்டிருக்கும்.

லைனர் இல்லாமல் பிளாக்கிலேயே போர் உள்ள இன்ஜின்களை இறக்கித்தான் ஆக வேண்டும். மேலே சொன்ன கம்மின்ஸ் 5.9 அந்த வகை. பவர் கூட்டுவதற்காகக் கட்டுகிறீர்கள் என்றால் எந்த வகையானாலும் இறக்குங்கள். கிராங்கை எடுக்காமல் அதன் விரிசலைப் பார்க்க முடியாது.

எப்போது இன்ஜினை மாற்றுவது சரி?

பிளாக் உடைந்துவிட்டது, ராடு வெளியே வந்துவிட்டது, கிராங்க் திருத்த முடியாது, ஸ்பேர் கிடைப்பது நின்றுவிட்டது. இந்த நிலையில் பேச்சுக்கே இடமில்லை. மற்றபடி, உங்களுக்கு வேண்டிய பவர் உங்கள் இன்ஜின் மாடலின் உச்ச ரேட்டிங்கைத் தாண்டுகிறது என்றால், அப்போதும் மாற்றுவதுதான் முறை. சிறிய இன்ஜினை அதன் உச்சத்திலேயே நாளெல்லாம் ஓட்டுவதைவிட, பெரிய இன்ஜினை முக்கால் பலத்தில் ஓட்டினால் அது நீண்ட நாள் உழைக்கும்.

மாற்றுவதென்றால், முதலில் உங்கள் வண்டியின் மாடலிலேயே கம்பெனி வேறு எந்த இன்ஜினை வைத்து விற்றது என்று பாருங்கள். அதுதான் தலைவலி குறைந்த மாற்று. மவுண்டிங்கும் ரேடியேட்டரும் ஒயரிங்கும் ஏற்கெனவே யாரோ வடிவமைத்துவிட்டார்கள்.

இன்ஜின் விலைக்கு மேல் வேறென்ன செலவாகும்?

கடைசியில் இன்ஜின் விலையே சிறியதாகத் தெரியும் என்று எதிர்பார்த்து இறங்குங்கள். பெல் ஹவுசிங் பொருந்தாவிட்டால் அடாப்டர் பிளேட். அது கிராங்கின் மையத்தோடு துல்லியமாக நிற்காவிட்டால் கியர்பாக்ஸ் இன்புட் பேரிங் போய்க்கொண்டே இருக்கும். ஃப்ளைவீல், கிளட்ச், ஸ்டார்ட்டர். முன் ஆக்சிலில் சம்ப் இடிக்கிறதா? ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும், நிற்கும்போது அல்ல. எடை கூடினால் முன் ஸ்பிரிங்கும் மாறும், கம்மின்ஸ் 5.9 மட்டுமே கிட்டத்தட்ட அரை டன். ரேடியேட்டர், ஃபேன், ஷ்ரவுட். டர்போ பைப், சைலன்சர். பவர் ஸ்டீயரிங் பம்ப். பழைய வண்டி 24 வோல்ட், புதிய இன்ஜின் 12 வோல்ட் என்றால் அது ஒரு தனிக் கதை.

இவற்றில் எதை ஒத்திப்போட்டாலும் பிரேக்கை மட்டும் ஒத்திப்போடாதீர்கள். ஏர் கம்ப்ரஸரோ வேக்குவம் பம்போ பெரும்பாலும் இன்ஜினில்தான் மாட்டியிருக்கும். மாற்று இன்ஜினில் அது இல்லை, அல்லது சிறியது என்றால் வண்டி கிளம்பும், நிற்காது. பவர் கூடி, அதை நம்பி லோடும் கூடினால் பிரேக் மீது விழும் சுமையும் கூடுகிறது. மனித உயிர் சம்பந்தப்பட்ட இடம் இது.

இன்னொன்று வேகம். பழைய இன்ஜின் 3,600 சுற்று வரை போகும், புதியது 2,500-இல் நின்றுவிடும் என்றால், அதே கிரவுன் பினியனோடு உங்கள் உச்ச வேகம் மூன்றில் ஒரு பங்கு வரை விழுந்துவிடும். எத்தனையோ பேர் இன்ஜினை ஏற்றிய பிறகுதான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

கியர்பாக்ஸ் தாங்குமா?

கியர்பாக்ஸை உடைப்பது முறுக்குவிசை, ஹெச்.பி. அல்ல. கியர்பாக்ஸின் தகட்டிலோ கையேட்டிலோ உள்ள முறுக்குவிசை எல்லையைப் புதிய இன்ஜினின் உச்ச முறுக்குவிசையோடு ஒப்பிடுங்கள். எல்லைக்குப் பக்கத்தில் வந்தால் கியர்பாக்ஸையும் இன்ஜினோடு சேர்த்தே வாங்குங்கள்.

மெக்கானிக்கல் பம்ப் இன்ஜினா, காமன் ரெயிலா?

ஒயரிங் இல்லாத பழைய வண்டிக்கு மெக்கானிக்கல் பம்ப் இன்ஜின் எளிது. டீசலை நிறுத்த ஒரு ஒயர், ஸ்டார்ட்டருக்கு ஒன்று, சார்ஜிங்குக்கு ஒன்று, அவ்வளவுதான். காமன் ரெயில் சத்தம் குறைவு, புகை குறைவு, பவர் அதிகம். ஆனால் கண்ட்ரோல் யூனிட், முழு ஒயரிங், ஆக்சிலேட்டர் பெடல், சாவிப் பூட்டு எல்லாம் ஒரே வண்டியிலிருந்து சேர்ந்து வர வேண்டும். ஒன்று விட்டாலும் ஸ்டார்ட் ஆகாது. 1,300 பாருக்கு மேல் வேலை செய்யும் அந்த அமைப்பில் பழைய டேங்கின் துருவும் தண்ணீரும் போனால் இன்ஜெக்டர்கள் வரிசையாகப் போகும். டேங்க், குழாய், ஃபில்டர் எல்லாம் புதிதாக்கிவிட்டே ஏற்றுங்கள்.

பழைய இன்ஜின் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முடிந்தால் வண்டியோடு வாங்குங்கள். ஓடுவதைப் பார்க்கலாம், ஒயரும் பிராக்கெட்டும் பைப்பும் தொலையாது. ஸ்டார்ட் செய்து காட்டுவதற்கு முன்பே போய் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிறது என்றால் குளிர்ந்த நிலையில் அது எப்படிக் கிளம்புகிறது என்பதை மறைக்கிறார்கள். ஆயில் டிப்ஸ்டிக், கூலன்ட் டேங்க், பிரீதர் குழாயில் (இன்ஜினின் உள் வாயு வெளியேறும் வழி) வரும் புகை, டர்போ ஷாஃப்டின் ஆட்டம் எல்லாவற்றையும் பாருங்கள்.

அந்த மாடலுக்கென்று உள்ள நோய்களையும் தெரிந்துகொண்டு போங்கள். 24 வால்வு கம்மின்ஸ் 5.9-இல் ‘53’ என்ற எண் வார்த்திருக்கும் பிளாக்குகள் தண்ணீர் ஜாக்கெட்டின் பக்கச் சுவரில் விரிசல் விடுவதற்குப் பெயர்போனவை. அதற்கு முந்தைய 12 வால்வு இன்ஜினில் டைமிங் கியர் உறையை நிலைநிறுத்தும் ஒரு சிறு டவல் பின் காலப்போக்கில் நழுவி கியருக்குள் விழக்கூடும். இன்ஜின் வெளியே இருக்கும்போது அதை வெளிவராதபடி அடைத்துவிடுவது சிறு வேலை. விழுந்த பிறகு செலவு முழு இன்ஜின்.

வாங்கிய இன்ஜினை அப்படியே ஏற்றாதீர்கள். சம்ப்பைக் கழற்றி ஓரிரு பேரிங் பார்த்து, பின்பக்க ஆயில் சீல், வாட்டர் பம்ப், எல்லா ஹோஸும் மாற்றிவிட்டு ஏற்றுங்கள். கீழே இருக்கும்போது ஒரு மணி நேர வேலை, மேலே ஏறியபின் ஒரு நாள் வேலை.

சட்டப்படி என்ன செய்ய வேண்டும்?

இன்ஜின் எண் மாறினால் வண்டிப் பதிவில் ஏற்ற வேண்டும், காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்ல வேண்டும். வண்டிக்கு வகுத்த புகை விதிக்குக் கீழான பழைய இன்ஜினை ஏற்றுவதும், புகை வடிகட்டியைக் கழற்றி எறிவதும் பல நாடுகளில் குற்றம். இன்ஜினை இறக்குமுன் இதைக் கேட்டுவிடுங்கள். வண்டியில் லோடு ஏற்றும் எடை வரம்பு, இன்ஜின் பெரிதானதால் கூடிவிடாது.

கட்டிய இன்ஜினை முதலில் எப்படி ஓட்டுவது?

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டீசலை நிறுத்திவைத்து, ஆயில் அழுத்தம் காட்டும் வரை ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள். ஒரே மூச்சாக அல்ல, ஸ்டார்ட்டர் ஆற இடைவெளி விட்டு விட்டு. டர்போவுக்குப் போகும் ஆயில் குழாயில் முன்கூட்டியே ஆயில் ஊற்றியிருக்க வேண்டும்.

ஸ்டார்ட் ஆனதும் ஒழுகலும் அழுத்தமும் பார்த்துவிட்டு, சூடானதும் வெளியே எடுத்துச் சென்று மிதமான லோடில் ஓட்டுங்கள். புது இன்ஜின் என்று பயந்து மணிக்கணக்காக ஐடிலில் விடுவதுதான் பெரிய தவறு. ரிங்கைச் சுவரோடு அழுத்துவது எரியும் வாயுவின் அழுத்தம். லோடு இல்லாவிட்டால் அந்த அழுத்தம் வராது. ஹோனிங் செய்த கோடுகள் மழுங்கி, சுவர் கண்ணாடி போலாகி, அந்த இன்ஜின் ஆயுள் முழுக்க ஆயில் குடிக்கும். மேட்டில் உயர் கியரில் திணறவிடவும் வேண்டாம். முதல் ஆயிலையும் ஃபில்டரையும் 1,000 கி.மீ.க்குள் மாற்றி, பழைய ஃபில்டரை அறுத்து விரித்துப் பாருங்கள். மினுமினுக்கும் பொடி கொஞ்சம் இருக்கும். விரலில் தட்டுப்படும் சில்லு இருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள்.